ஹெல்த் விசிட்டர் அம்மா மணலில் உட்கார்ந்த கதை

இளம் நர்சுகளே, உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்கு போன் போட்டாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த போன் வராது. "அக்கா, எங்க மேடம் எனக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்றாங்க. கேட்டுடலாமா, இல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாமா?" என்றாள். அடுப்பில் பால் இருந்தது. "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. யோசனை மட்டும் இன்னும் முடியவில்லை.

ஓய்வு பெற்றவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்கு இப்போது மேலதிகாரி கிடையாது. அதனால் வீரம் ஜாஸ்தி. "நானா இருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன்" என்று சொல்லாத ஓய்வூதியக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆகவே ஆலோசனை வேண்டாம். பேசலாமா வேண்டாமா என்று நானே தவித்த ஒரு மழைக்காலத்தைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

எழுபதுகளின் பிற்பாதி. பழவேற்காடு ஏரியை ஒட்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. இப்போது உங்களுக்கெல்லாம் நீளமான பதவிப் பெயர் இருக்கிறது. அப்போது நாங்கள் ஊருக்கு வெறும் ‘நர்சம்மா’. நாலு பேர் இருந்தோம். எங்களுக்கு மேலே ஹெல்த் விசிட்டர் அம்மா, அவருக்கு மேலே டாக்டர், டாக்டருக்கு மேலே கடவுள். ஆனால் எந்த நர்ஸ் எந்த ஊருக்குப் போவது என்பதை ஹெல்த் விசிட்டர் அம்மாதான் முடிவு செய்வார். அந்த விஷயத்தில் டாக்டரும் தலையிட்டதில்லை, கடவுளும் தலையிட்டதில்லை.

எங்கள் ஊர்கள் நாலு பிரிவு. மூன்று பிரிவுக்கு ரோடு உண்டு. பொன்னேரி பஸ்ஸில் ஏறினால் ஊர் வாசலில் இறக்கிவிடுவான். நாலாவது பிரிவு தண்ணீருக்கு அந்தப் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் திட்டில் இருந்த மீனவக் குப்பங்கள். அங்கே போகத் தோணி வேண்டும். காற்று ஒத்துழைக்க வேண்டும், ஒத்துழைக்காவிட்டால் கழி ஊன்றித் தள்ள ஆள் வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றினால் பாதி வழியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடக்கவும் வேண்டும். எல்லோருக்கும் மாற்றி மாற்றித் தர வேண்டும் என்பதுதான் பேச்சு. நடந்தது வேறு. சுகாதார நிலையத்துக்குப் பக்கத்துப் பிரிவு எப்போதும் சரோஜாவுக்கு. மற்ற இருவருக்கும் மற்ற இரண்டும் மாறி மாறி. எனக்கு மட்டும் இரண்டு வருடமாகத் தண்ணீர்.

ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது பல காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். நான் அந்த அம்மாவைவிட உயரம். வேலையில் சேர்ந்த அன்று என் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் நாற்காலியில் விழுந்தது, பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன ஒரு ஜோக்குக்கு நான் தாமதமாகச் சிரித்தேன். இதில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குச் சிலர் முகம் பிடிக்காது, அவ்வளவுதான்.

மாதாமாதம் கூட்டம் நடக்கும். ஹெல்த் விசிட்டர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நாங்கள் எதிரில் வரிசையாக நிற்போம். யார் யார் எங்கே என்று சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பார். துடைத்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ், கண்ணாடி கையில் இருக்கும்போதே வாயைத் திறந்தாராம். அடுத்த மாதமே மாவட்டத்தின் இன்னொரு கோடிக்கு மாற்றல். அவர் பெயரைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பேசின பொண்ணு’ என்பார்கள்.

சரோஜா விஷயத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹெல்த் விசிட்டர் அம்மாவுக்கு அவள் செல்லம். ஞாயிற்றுக்கிழமையானால் அந்த அம்மா வீட்டில்தான் இருப்பாள். "சரோஜா எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று அவர் பெருமையாகச் சொல்லும்போது சரோஜா தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கப்படுகிறாளாம் என்று நான் பல்லைக் கடிப்பேன்.

உண்மையைச் சொன்னால், தண்ணீர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. குப்பத்து ஜனங்களையும் பிடித்திருந்தது. ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது யாராவது ஒரு வீட்டில் இறா தொக்கும் சோறும் போடாமல் விட மாட்டார்கள். இரண்டு வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தத் தொக்கும் ஒரு காரணம். மூன்றாவது வருடம் ஆடி மாதத்தில் எல்லாம் மாறியது. நான் முழுகாமல் இருந்தேன்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு ஒன்று கலைந்துபோயிருந்தது. தோணியில் போனதால்தான் கலைந்தது என்று சொல்ல மாட்டேன். நானும் நர்ஸ்தானே, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் காற்றில் தோணி தூக்கிப் போட்டதும், நான் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்ததும் மனதைவிட்டுப் போகவில்லை. இந்தக் குழந்தை எனக்கு வேண்டும். உலகத்தில் வேறு எதையும்விட வேண்டும். ஐப்பசியில் வாடைக்காற்று இறங்கினால் ஏரி என்ன ஆட்டம் ஆடும் என்பது எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் அந்தக் காற்றில் போக வேண்டும். பேசினால் ‘பேசின பொண்ணு’ ஆகி எங்கேயோ போக வேண்டும். பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்வரும் வீட்டுக்காரர் ஓர் ஊரில், நான் வேறோர் ஊரில், பிரசவ நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லாமல். இரண்டு பக்கமும் பயம்தான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. "முழுகாம இருக்கறவங்க தோணியில குலுங்கக் கூடாது, கனத்தைத் தூக்கக் கூடாது" என்று குப்பத்தில் வீடு வீடாகச் சொல்வது என் வேலை. சொல்லி முடித்துவிட்டு, தடுப்பூசிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே தோணி ஏறுவேன். பெண்கள் கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த நர்ஸ் ஒருவரிடம் போய் நின்றேன். "நீ ஒண்ணும் பேசாத. வயித்தைத் தள்ளிக்கினு முன்னால போய் நில்லு. அந்தம்மாவே பாத்து மாத்தும்" என்றார். புரட்டாசிக் கூட்டத்தில் முன்வரிசைக்குப் போய் இருக்கிற வயிற்றை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு நின்றேன். ஹெல்த் விசிட்டர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுக்க. தோணி தாங்காது" என்றார். சொல்லாமல் புரியவைக்கலாம் என்கிற வழி அத்தோடு அடைபட்டது.

எனவே, பேசுவது என்று முடிவு செய்தேன். எப்போது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. அதுவரை ஒத்திகை பார்க்கலாம் இல்லையா? என்னை வழக்கமாக ஏற்றிப் போகிற தோணிக்காரர் தேசப்பன் ஒரு நாள் கழியை ஊன்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, தனியா பேசிக்கினு வர்ற?"

"ஒண்ணுமில்லண்ணே. எங்க ஹெல்த் விசிட்டர் அம்மாகிட்ட பேசணும். சொல்லிப் பாக்கறேன்."

"எங்கிட்ட சொல்லு. நான்தான் அந்தம்மான்னு வெச்சிக்க." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முந்தானை மாதிரி தோளில் போட்டுக்கொண்டார். "ம், இன்னா கொறை ஒனக்கு?"

நான் ஆரம்பித்தேன். "ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் ஏம்மா இந்த அநியாயம்? சரோஜாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" போகப்போகப் பேச்சு வளர்ந்தது. குடை விவகாரம் சேர்ந்தது, ஜோக் விவகாரம் சேர்ந்தது, சரோஜாவின் ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தன. புரட்டாசி முடிவதற்குள் அக்கரையில் ஆரம்பித்தால் இக்கரை வரைக்கும் வருகிற நீளத்துக்கு ஆகிவிட்டது. தேசப்பனுக்கு மனப்பாடம். "கொடை கதைய உட்டுட்டியேம்மா" என்று எடுத்துக்கொடுப்பார். கூடவே வரும் மீன் கூடைக்காரப் பெண்கள், "சரோஜா பேரு வர்ற எடத்துல கொஞ்சம் அழுவணும், அப்பதான் எடுபடும்" என்பார்கள். ஏரி முழுக்கக் கேட்டுவிட்டது. கேட்க வேண்டிய ஒருவரைத் தவிர.

அந்த மாதத்திலேயே குப்பத்தில் பாடு எடுக்கிற நாள் வந்தது. ஏரியில் மீனும் இறாவும் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு, அவற்றுக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் எப்போதும் ஒருத்தருக்கே போய்விடக் கூடாது என்று, யார் எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அன்று நான் போனபோது வீடுகளில் ஆண் பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லோரும் கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பனும் அங்கேதான். திரும்பிப் போகத் தோணி இல்லாததால், அவர் மனைவி குப்பம்மாவோடு நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

ஊர்த் தலைவர் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "யாருக்கு இன்னா கொறை?" என்று சத்தமாகக் கேட்டார். கேட்ட உடனே எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு மணலில் உட்கார்ந்தார்.

"என்ன குப்பம்மா இது?" என்று கேட்டேன்.

"கொறை கேட்டாச்சு இல்ல? இனிமே சீட்டு எடுக்கற வரிக்கும் தலைவர் கெடையாது. அவரும் வல போட்றவருதான்."

ஒல்லியாக ஒருவர் எழுந்தார். "உம் மச்சானுக்கு ரெண்டு தபா முகத்துவாரத்தாண்ட பாடு உழுந்துது. சீட்ட நீயே மடிக்கிற. இந்த தபா வேற யார்னா மடிக்கட்டும்" என்று தலைவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அடிதடிதான் என்று நான் ஓர் அடி பின்னால் போனேன். தலைவரின் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "செரி, நீயே மடி" என்றார். "இன்னும்?" என்று கேட்டார். இன்னொருவர், "நீ வெத்தல போட்டுக்கினு பேசறப்ப எம்மேல தெறிக்குது" என்றார். அதற்கும் பதில் சொல்லப்பட்டது. பிறகு சீட்டு எடுத்தார்கள். ஸ்டூல் நிமிர்ந்தது, தலைப்பாகை ஏறியது, தலைவர் மறுபடி தலைவர் ஆனார். எல்லோரும் டீ குடித்தார்கள்.

"சீட்டு எடுத்தப்புறம் யாராவது முணுமுணுத்தா?"

"அபராதம். ஊருக்கே கருவாட்டுக் கொழம்பு ஆக்கிப் போடணும்" என்றாள் குப்பம்மா. "ஒங்க ஆபீஸ்ல அந்தம்மா கொறை கேக்குமா?"

"மாசா மாசம் கேப்பாங்க."

"எறங்கிக் குந்துமா?"

"இல்ல. நாற்காலியிலதான்."

"அப்ப அது கேக்கறதே இல்ல நர்சம்மா. சொம்மா வாய அசக்கறது."

ஐப்பசி பிறந்து முதல் வாரத்தில் ஹெல்த் விசிட்டர் அம்மா குப்பத்துக்கு வந்தார். மேற்பார்வையாளர்கள் ஒவ்வோர் ஊரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. தோணியின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். நானும் எதிரில் அதே மாதிரி பிடித்துக்கொண்டேன். எனக்குக் காற்றைவிட தேசப்பனை நினைத்துத்தான் பயம். என் பேச்சு முழுவதும் அவர் வாயில் இருக்கிறது. பாதி ஏரியில், "நர்சம்மா, அந்தக் கொடை..." என்று ஆரம்பித்தார். நான் இருமிய இருமலில் தோணியே ஆடியது. "உடம்பைப் பாத்துக்க" என்றார் ஹெல்த் விசிட்டர் அம்மா.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டுகிற பிள்ளையை அவர் மடியில் வாங்கினால், அது அழலாமா என்று யோசிப்பதற்குள் ஊசி போட்டு முடித்திருப்பார். அன்றும் அப்படித்தான். குப்பத்தில் இருந்த ஒரே இரும்பு நாற்காலியைக் கோயில் முன்னால் போட்டிருந்தார்கள். வந்த குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாம் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சரி, யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?"

தலைவர் எழுந்தார். ஸ்டூலைக் கவிழ்த்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். மணலில் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த பெண்களெல்லாம் குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். நாற்காலியில் ஹெல்த் விசிட்டர் அம்மா மட்டும் தனியாக இருந்தார். ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். குப்பம்மா பக்கத்தில் வந்தாள்.

"எறங்குங்கம்மா."

"ஏம்மா?"

"கொறை கேட்டுட்டீங்களே."

ஹெல்த் விசிட்டர் அம்மா என்னைப் பார்த்தார். "குறை கேட்டா கீழ உக்காந்துதான் கேக்கணும்மா. இது இவங்க வழக்கம்" என்றேன். "உக்காரலைன்னா?" என்றார். தலைவர் மணலில் இருந்தபடியே, "கேட்டுட்டு எறங்காம இருந்தா ஊர கிண்டல் பண்ண மாதிரிம்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் திரும்பிப் போகத் தோணி அவர்களுடையது. கஞ்சி போட்ட காட்டன் புடவை மொடமொடக்க, இரண்டு பெண்கள் கை கொடுக்க, ஹெல்த் விசிட்டர் அம்மா மணலில் இறங்கினார். குப்பம்மா நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். இது வெகுளித்தனமா விஷமமா என்று பிற்பாடு எத்தனையோ முறை அவளிடம் கேட்டிருக்கிறேன். "எங்க வயக்கம் அதானே" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொன்னதில்லை.

குறைகள் வந்தன. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. ஊசி போட்ட அன்று குழந்தை காய்ச்சலில் கத்துகிறது, இந்த நர்சம்மா என்னடாவென்றால் தோணி ஏறிப் போய்விடுகிறாள். ஆமாம், என் மேலேயும் குறை! ஹெல்த் விசிட்டர் அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நாற்காலியில் இருக்கும்போது நான் அவர் முகத்தில் பார்த்திராத ஒரு கவனம் அங்கே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டபோது குப்பம்மா திரும்பினாள்.

"நர்சம்மா, நீ?"

ஊரே என்னைப் பார்த்தது. கூடைக்காரப் பெண்கள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். தேசப்பன் தொண்டையைக் கனைத்தார், வரி மறந்தால் எடுத்துக்கொடுக்கத் தயாராக.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும். ‘ஒரு குறையும் இல்லை’ என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் இந்தப் பெண்களிடம்தான் வாராவாரம், ‘வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, மறைக்காதீங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தோடு, இனி முணுமுணுக்கிற உரிமையும் போய்விடும். சரி, ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்துவிடலாமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஊர் கைதட்டும். இரண்டு வருட ஆத்திரம் தீரும். ஆனால் ஊர் முன்னால், மணலில், கஞ்சிப் புடவை கசங்க உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் குடையிலிருந்து ஆரம்பித்தால் அவர் எதைக் கேட்பார்? தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். எனக்கு அவரைத் தோற்கடிப்பது வேண்டுமா, ரோடு வேண்டுமா? கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

நான் போய் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். அஞ்சு மாத வயிற்றோடு மணலில் உட்காருவது சுலபமில்லை, தடுமாறினேன். சட்டென்று ஹெல்த் விசிட்டர் அம்மா கை கொடுத்தார். யோசித்துக் கொடுத்த கை இல்லை. கர்ப்பிணி தடுமாறினால் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குக் கை தானாக நீண்டுவிடும், உங்களுக்கும் இன்னும் கொஞ்ச நாளில் அது வந்துவிடும். அந்தக் கையைப் பிடித்தபடியே சொன்னேன்.

"அம்மா, போன வருஷம் எனக்கு ஒண்ணு கலைஞ்சுபோச்சு. இது அஞ்சாவது மாசம். வாடை அடங்கற வரைக்கும் எனக்கு ரோட்டுப் பக்கம் ஊர் வேணும். எனக்குப் பயமா இருக்கும்மா."

அவ்வளவுதான். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அது ஒத்திகையில் இல்லை.

"கொடை..." என்றார் தேசப்பன் ஏமாற்றத்தோடு. குப்பம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் ஹெல்த் விசிட்டர் அம்மா. நாலு ஊர் தள்ளி வருகிறவளுக்கு எத்தனை மாதம் என்று நடையைப் பார்த்தே சொல்கிறவர் அவர்.

"மேல குந்திக்கினு கேட்டா எவ சொல்லுவா?" என்றாள் குப்பம்மா.

ஹெல்த் விசிட்டர் அம்மா எழுந்திருக்கக் கையை ஊன்றினார். "பதில் சொல்லணும்மா. பதில் சொல்லாம நாற்காலிய நிமித்தக் கூடாது" என்றார் தலைவர். ஊன்றிய கையை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டார். "சரி. அடுத்த வாரத்துலேர்ந்து ரோட்டுக்கு வந்துடு" என்றார். "அப்ப எங்குளுக்கு யாரு?" என்று கேட்டார் தலைவர். "மத்தவங்க முறை போட்டு வருவாங்க." குப்பம்மா நாற்காலியை நிமிர்த்தித் துடைத்துப் போட்டாள்.

திரும்பும்போது, கரை தெரிகிற நேரத்தில் ஹெல்த் விசிட்டர் அம்மா வாயைத் திறந்தார். "இதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்து செஞ்சாங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அந்த ஆள் ஏதோ குடைன்னானே, அது என்ன?"

இந்த முறை இருமியது தேசப்பன்.

அடுத்த வாரம் எனக்கு ரோடு கிடைத்தது. ஆனால் ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவு மாறியதே தவிர முகம் மாறவில்லை. பல நாள் என் வணக்கத்துக்கு ஒரு ‘ம்’ மட்டும்தான். தபால்காரர் வாசலுக்கு வந்தாலே மாற்றல் உத்தரவோ என்று எட்டிப் பார்ப்பேன். வரவில்லை. நீங்கள் மனதைத் திறந்து பேசினால் மேலதிகாரி உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, ரோடுதான் கேட்டேன்.

கார்த்திகைக் கூட்டம் வந்தது. ஊர்களைச் சொல்லி முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்காவது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடி" என்று முனகியபடி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். மற்ற மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் முதலில் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

"யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?"

என் குறை ஏற்கெனவே தீர்ந்திருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், போட்டுக்கொள்ளவில்லை. அப்போது பக்கத்தில் விசும்பல் கேட்டது. சரோஜா.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னால மாவாட்ட முடியலம்மா" என்றாள். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். "எம் பிள்ளைங்களோட ஒரு நாள் இருக்கணும்மா."

வீட்டுப் பெண் மாதிரி என்றால் இதுதானா? நான் ரோட்டுக்காக ஏங்கிய இரண்டு வருடமும், அவள் அந்த ரோட்டுக்கு விலையாக ஆட்டுக்கல்லில் கை கொப்பளிக்க மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தலையைக் குனிந்தது வெட்கத்தில் இல்லை. என் நீளமான பேச்சின் நட்டநடுவில் அவள் பெயர் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அன்று மணலில் அதை முழுதாகச் சொல்லியிருந்தால் இவள் இந்தத் தரையில் வாயைத் திறந்திருப்பாளா? அந்த நினைப்பில் எனக்கு உடம்பு கூசியது. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹெல்த் விசிட்டர் அம்மாவின் காது சிவந்துவிட்டது. பதில் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். "இனிமே வர வேணாம்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

மாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். பிரசவம் பார்த்தது ஹெல்த் விசிட்டர் அம்மாதான். அப்போதும் சிரிக்கவில்லை. "நர்ஸா இருந்துட்டு இப்படிக் கத்தறியே" என்றார். லீவு முடிந்து வந்ததும் என் முறைக்கு நான் மறுபடி தோணி ஏறினேன், இறா தொக்குச் சாப்பிட்டேன்.

போன் போட்ட பெண்ணே, உன் மேடம் கீழே உட்காருகிற ரகமா என்று எனக்குத் தெரியாது. எல்லா ஊரிலும் குப்பம்மா கிடைக்க மாட்டாள். உனக்கு வேண்டியது என்ன என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா பார். முடிந்தால் போய்க் கேள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தோணியில் ஒத்திகை பார், தப்பில்லை.

எண்பதுகளில் நானும் ஹெல்த் விசிட்டர் ஆனேன். முதல் கூட்டத்திலேயே நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஏன் கவிழ்த்தேன் என்று இந்தக் கதையைச் சொல்லி, குறை கேட்டேன். இரண்டாவது கூட்டத்திலும் கேட்டேன். மூன்றாவது கூட்டத்தில் புதிதாக வந்த ஒரு நர்ஸ் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "நீங்க அந்தத் தோணிக் கதையை ஒவ்வொரு தடவையும் சொல்றீங்கம்மா. கடைசி பஸ் போயிடுது."

பதில் சொல்லாமல் நாற்காலியை நிமிர்த்த முடியாதே. "சரி, இனிமே சொல்லல" என்றேன். வேலையில் இருந்தவரைக்கும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இப்போதுதான் ஓய்வு பெற்றுவிட்டேனே.